பக்கத்து வீட்டு மேசை

துணி தேய்க்கும் உருளை இயந்திரத்திலிருந்து சுடச்சுட வெளியே வரும் விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர வேண்டும். ஓர் உதறு உதறி இழுக்க வேண்டும். பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். தனி ஆளால் ஆகிற வேலை இல்லை. யாருடைய முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லையோ அவளோடுதான் பொழுது முழுக்கக் கை தொட்டு வேலை செய்ய வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால் என்ன செய்ய முடியும்? அந்தச் சலவைக்கூடத்தில் பெரியவளுக்கும் சின்னவளுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். வீட்டில் கூப்பிட்ட பெயர் தெருவுக்குப் பரவி, வேலை செய்கிற இடத்துக்கும் வந்துவிட்டது. சூப்பர்வைசர்கூட, "பெரியவ வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் மேசைத்துணிகளும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து, வெளுத்து, மடிந்து திரும்பிப் போகும். நீராவியில் சுவரெல்லாம் வியர்த்துக் கிடக்கும். வெளியே என்ன வெயில் என்ன மழை என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அன்றைக்குப் பெரியவள் இழுத்த இழுப்பில் சின்னவள் ஓரடி முன்னால் தள்ளாடி வந்தாள்.

"மெதுவாக்கா, கிழிஞ்சுடப் போகுது."

"கிழிஞ்சா என் சம்பளத்துல பிடிக்கட்டும். நீ ஏன் கவலைப்படறே? உனக்குத்தான் எல்லாம் சும்மாவே வீடு தேடி வருதே."

சின்னவள் பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதுதான் பெரியவளுக்கு இன்னும் எரிச்சல். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் பிடித்துக்கொண்டு ஆசை தீரச் சண்டை போடலாம். இவளோ வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி அடுத்த விரிப்புக்குக் கையை நீட்டினாள்.

எல்லாம் அந்தத் திட்டத்தால் வந்தது. வருமானம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைக்கிற திட்டம். சீருடை, ஷூ, மத்தியானச் சாப்பாடு, கூட்டிப் போக வேன், வீட்டில் உட்கார்ந்து படிக்க மேசை, மேசைமேல் விளக்கு எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். போன வருஷம் தெருவில் மனு வாங்க வந்தபோது சின்னவள் பெரியவளையும் கூப்பிட்டாள். "நாம என்ன கையேந்தற ஆளா? எங்களுக்கு வேணாம்மா," என்று இவள்தான் கழுத்தை நொடித்துக்கொண்டாள். சின்னவள் போய்க் கொடுத்தாள். அவள் மகள் பட்டாணிக்குக் கிடைத்தது. பெரியவளின் மகள் சுண்டு, பட்டாணியைவிடச் சில வாரங்கள்தான் மூத்தவள், பழைய பள்ளிக்கூடத்துக்கே நடந்து போனாள். வாத்தியார் வந்தால் பாடம், வராவிட்டால் விளையாட்டு என்று நடக்கிற பள்ளிக்கூடம்.

பெரியவளுக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து மூடி மறைக்க அவள் மெனக்கெடவும் இல்லை. காலையில் தெருமுனையில் அந்த வெள்ளை வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது, அடிவயிற்றில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்த மாதிரி காந்தும். பட்டாணி டக்டக்கென்று ஷூச் சத்தத்தோடு ஓடுவாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு சுண்டு பின்னால் ஓடுவாள். வேன் கதவு சாத்தியதும் டாட்டா காட்டிவிட்டு, தேய்ந்த செருப்போடு தன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவாள். "ஏன்டி, உனக்குச் சூடு சொரணையே கிடையாதா? அவ பையை நீ ஏன் தூக்கறே?" என்று பெரியவள் மகள் முதுகில் ஒன்று வைத்துப் பார்த்தாள். மறுநாளும் சுண்டு தூக்கிக்கொண்டுதான் ஓடினாள்.

பெயின்ட் அடிக்கப் போன கொழுந்தன் ஏணியிலிருந்து விழுந்து, கால் ஒடிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த சமயத்தில்தான் திட்டத்துக்காரர்கள் வீடு பார்க்க வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்பது பெரியவளின் கட்சி. "கால் ஒடிஞ்சாலும் சரியான நேரம் பாத்து ஒடிஞ்சிருக்கு," என்று அங்கலாய்ப்பாள். மூட்டை தூக்குகிற தன் புருஷன் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்காரும்போது, அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டும் தூண் மாதிரி நன்றாக இருந்தன.

"என்னடி, என் காலையே பாக்கறே?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்குன்னு பாத்தேன்."

அப்படிச் சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை.

இரண்டு குடும்பமும் இருந்தது ஒரே கதவு எண்ணில். நீளமான ஒரே அறையை நடுவில் பலகை அடித்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். தகரக் கூரை ஒன்று, மின்சார மீட்டர் ஒன்று, குழாய் ஒன்று. அடுப்பு மட்டும் இரண்டு. எப்போதோ ஒரு தீய்ந்த பாத்திரத்தை யார் தேய்ப்பது என்று ஆரம்பித்த வாய்ச்சண்டையில் அடுப்பு பிரிந்தது. பிறகு சேரவே இல்லை. "நாங்க தனி, அவங்க தனி," என்று பெரியவள் கேட்காதவர்களிடமும் சொல்லிவைப்பாள். ஆனால் பலகைக்கு அது தெரியுமா? அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். சாயங்காலமானால் பட்டாணியின் மேசையில் ஓர் ஓரத்தில் சுண்டுவும் ஒட்டிக்கொண்டு படிப்பாள். பட்டாணி ஒரு வரி சொல்ல, சுண்டு அதைத் திருப்பிச் சொல்வாள். ஒரு நாள் பட்டாணி, "தப்பு! மறுபடி சொல்லு!" என்று டீச்சர் மாதிரி அதட்டியது பலகை வழியாகக் கேட்டது. பெரியவள் கையிலிருந்த கரண்டியை ஓசைப்படக் கீழே போட்டாள்.

கொஞ்ச நாள் முன்னால் சின்னவள் சீருடைப் பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். பெரியவள் உருளைக்கு வருவதற்கு முன்னால் இஸ்திரி மேசையில் இருந்தவள். அவள் கை பட்ட துணி கடையில் எடுத்த புதுத்துணி போல நிற்கும். கூடத்தில் கழித்துப் போட்ட பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றும் வீட்டில் வைத்திருந்தாள்.

"அக்கா, மடிப்பு மடிப்பா வர்ற பாவாடை. எனக்குச் சரியா வைக்க வரலை. கசங்கலாப் போனா டீச்சர் திட்றாங்களாம். ஒரே ஒரு தேய்ப்பு தேச்சுக் குடுங்களேன்."

"மீட்டர் சும்மாவா ஓடுது? பாதி பில்லு நானில்ல கட்றேன்."

"நான் வேணா சேத்துக் குடுத்துடறேன்க்கா."

"குடுப்பே, குடுப்பே. இப்ப நீ பெரிய இடமாச்சே."

சின்னவள் பாவாடையை மார்போடு சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அதைப் பாய்க்கு அடியில் விரித்து, மேலே படுத்துத் தேய்த்தாள். பாயின் கோடெல்லாம் பாவாடையில் விழுந்தது. காலையில் பட்டாணி அதைப் போட்டுக்கொண்டு ஓடும்போது பெரியவளுக்கு இரண்டு விதமாக இருந்தது. கசங்கின துணியைப் பார்த்தால் கை பரபரவென்று அரிக்கும். போகட்டும், அப்படியே போகட்டும் என்று மனசு குளிர்ந்தும் இருக்கும்.

இந்த வருஷம் மறுபடி மனு வாங்கினார்கள். இந்தத் தடவை பெரியவள் முதல் ஆளாகப் போய் நின்றாள். கழுத்தை நொடித்ததெல்லாம் அவளுக்கு ஞாபகமே இல்லாதது போல இருந்தது. வீடு பார்க்க ஆள் வருவார்கள் என்று சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டாணிக்குக் கிடைத்தது எல்லாம் சுண்டுவுக்கும் கிடைக்க வேண்டும். ஒரு நூல்கூடக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் அந்த ஹாரன் சத்தத்தை இன்னும் எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருப்பது?

சலவைக்கூடத்தில் மூட்டை பிரிக்கிறவள் ஒருத்தி இருந்தாள். ரேடியோ என்று பெயர். ஊர் சமாச்சாரமெல்லாம் அவளிடம் ஒலிபரப்பாகும். தேநீர் இடைவேளையில் அவள்தான் கிளப்பிவிட்டாள்.

"வீட்டை மட்டும் பாத்துட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சியா? பிள்ளை படிக்கிற பிள்ளையா, உருப்படுமான்னு பாப்பாங்கடி. மேசை இருக்கா, விளக்கு இருக்கா, துணிமணி சுத்தமா இருக்கா எல்லாம் பாப்பாங்க. என் நாத்தனா தெருவுல ஒருத்திக்கு இதனாலதான் கிடைக்கலை. பிள்ளை தரையில உக்காந்து எழுதிட்டு இருந்துச்சாம். அவ்வளவுதான், கிழிச்சுப் போட்டாங்க."

பெரியவள் தேநீரைப் பாதியில் வைத்தாள். மேசைக்கு எங்கே போவது?

இடைவேளை முடிந்து உருளைக்குத் திரும்பியதும், விரிப்பின் அந்த முனையிலிருந்து சின்னவள் தானாகப் பேசினாள். "அக்கா, அவ சொல்றதைக் கேக்காதீங்க. மேசை எல்லாம் அவங்களேதான் தருவாங்க. நீங்க எதையும் செய்யாதீங்க. வீடு எப்படி இருக்கோ அப்படியே விட்டுடுங்க. பாத்திரம்கூடக் கழுவி வைக்க வேணாம்."

பெரியவள் மடிப்பை நிறுத்தினாள். "ஓகோ. வர்றவங்க முன்னாடி நான் நாறப்போட்டு உக்காந்திருக்கணும். அப்பத்தானே உனக்கு வசதி?"

"ஐயோ, எனக்கென்னக்கா வசதி?"

"அந்த வேன்ல உன் பொண்ணு ஒருத்தி ஏறினாப் போதும், என் பொண்ணு பை தூக்கிட்டே ஓடட்டும்னு நினைக்கறே. எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா இல்லக்கா."

"வாயை மூடிட்டு மடி."

தன் வயிற்றில் எரிவதுதான் அவள் வயிற்றிலும் எரியும் என்று பெரியவள் முடிவு கட்டிவிட்டாள். சின்னவள் எதைச் செய்யாதே என்றாளோ அதையெல்லாம் செய்தாள். வீடு பார்க்க வருகிற அன்றைக்கு அரை நாள் லீவு போட்டாள். சுண்டுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தரையைத் தேய்த்துக் கழுவினாள். கிழிந்து கழிக்கிற ஆஸ்பத்திரி விரிப்புகளை வேலைக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். அதில் இரண்டை ஒட்டுப் போட்டுத் தைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, ஒன்றைக் கட்டிலிலும் ஒன்றைச் சன்னலிலும் போட்டாள். கூரையின் துருவும் அடுப்படிக் கரியும் மறைந்து, அறை யாரோ வசதியானவர்கள் வீட்டைப் போல வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. சுண்டுவின் கவுனில் ஒரு சுருக்கம் இல்லை. தலையைப் படிய வாரி, "அசையாதே, அப்படியே நில்லு," என்றாள்.

இன்னும் மேசைதான் பாக்கி. சின்னவள் வேலையில் இருந்தாள், பட்டாணி பள்ளிக்கூடத்தில். கொழுந்தன் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, அந்த மேசையையும் விளக்கையும் கொஞ்ச நேரம் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோங்க அண்ணி. இதுக்குப் போய்க் கேக்கணுமா?" என்றவன் கொஞ்சம் யோசித்தான். "அவ வந்து ஏதாவது சொன்னா?"

"அவ வர்றதுக்குள்ள திரும்ப வந்துடும்."

அம்மாவும் மகளுமாக மேசையைத் தூக்கி வந்து சன்னல் ஓரமாகப் போட்டார்கள். அதன்மேல் சுண்டுவின் நோட்டுகளை அடுக்கினாள். விளக்கைப் போட்டாள். நடுப்பகலில் அது பளிச்சென்று எரிந்தது. எட்ட நின்று பார்த்தபோது பெரியவளுக்கு மனசு நிறைந்தது. இதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. சின்னவள் வீட்டைவிட நன்றாகவே இருந்தது.

சாயங்காலம் நெருங்கும்போதுதான் ஆள் வந்தது. வந்தவள் சின்ன வயசுப் பெண். காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கி முகம் கறுத்துப் போயிருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கையில் ஒரு போன். அதில்தான் எழுதவும் செய்தாள், படமும் எடுத்தாள். என்ன வேலை, எவ்வளவு வருமானம், வாடகையா சொந்தமா என்று கேட்டாள். பெரியவள் கேட்டதற்கு மேலேயே சொன்னாள்.

"வீட்டை ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்கம்மா."

"எங்களுக்கு அதுதாங்க மேடம் வேலையே."

"நீ நல்லாப் படிப்பியா?" என்று அந்தப் பெண் சுண்டுவிடம் குனிந்தாள்.

சுண்டு எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பட்டாணி சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு மூச்சில் ஒப்பித்தாள். ஒரு தப்பு இல்லை. அந்தப் பெண் முகம் மலர்ந்து சிரித்தாள். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேன் தன் வாசலிலேயே வந்து நிற்பது போலவும், சுண்டு ஏறுவதைச் சின்னவள் பார்த்துக்கொண்டு நிற்பது போலவும் கண்ணுக்குள் ஓடிற்று. ஆமாம், சின்னவள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

"மேசையில உக்காரும்மா. ஒரு படம் எடுத்துக்கறேன்."

சுண்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண் படத்துக்காகத் தரையில் குந்தினாள். போனைத் தூக்கியவள் இறக்கினாள். மேசைக்காலின் உள்பக்கம் விரலால் தடவினாள். அங்கே ஒரு சின்னத் தகடு அடித்திருந்தது. துடைக்கும்போது பெரியவள் அதைப் பார்த்தாள்தான். கடைக்காரன் அடித்தது என்று நினைத்து அதையும் பளபளவென்று துலக்கி வைத்திருந்தாள்.

"இது எங்க மேசையாச்சே," என்றாள் அந்தப் பெண்.

பெரியவள் முந்தானையால் மேசை விளிம்பைத் துடைத்தாள்.

அந்தப் பெண் தகட்டு எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தாள். பலகைத் தடுப்பைப் பார்த்தாள். "பக்கத்துல இருக்கற பிள்ளைக்குக் கொடுத்தது. இங்க எப்படி வந்தது?"

"அது... சும்மா இன்னைக்கு மட்டும்..."

"இருங்கம்மா, அப்படிச் சொல்லாதீங்க." அவள் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தாள். குரல் இறங்கியது. "எனக்குக் காட்டறதுக்காகத் தூக்கிட்டு வந்தீங்கன்னா பொய் சொன்னதா ஆயிடும். ரெண்டு பிள்ளைக்கும் போயிடும். நீங்க சொல்லலை, நான் கேக்கலை. வேற ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. நீங்களும் பக்கத்துல இருக்கறவங்களும் தனித்தனிக் குடும்பமா, ஒரே குடும்பமா?"

"எதுக்கு மேடம்?"

"தனித்தனின்னா, நாங்க குடுத்த சாமான் அந்தப் பிள்ளைகிட்ட இல்லை, வேற வீட்டுக்குப் போயிடுச்சுன்னு நான் எழுதணும். நிறைய இடத்துல வித்துடறாங்க, அதனால இந்த விதி. அந்தப் பிள்ளையோட இடம் நின்னுடும். ஒரே குடும்பம்னா தொந்தரவு இல்லை, வீட்டுக்குள்ளதானே இருக்கு. ஆனா ஒரு குடும்பத்துல ஒரு பிள்ளைக்குத்தான் குடுப்போம்."

பெரியவள் கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள். "நின்னு போன இடம்... அது யாருக்குப் போகும்?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "இந்தத் தெருவுல அடுத்து மனு குடுத்திருக்கறவங்களுக்கு. உங்க மனுதான் அடுத்தது."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. வேன் வந்துவிட்டது. வேலை முடிந்த சின்னவள் மகளைத் தெருமுனையிலேயே அழைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் யாருடையதோ ஒரு செருப்பைப் பார்த்து எட்டிப் பார்த்தவள், சன்னலோரம் தன் வீட்டு மேசையைப் பார்த்தாள். தரையில் குந்தியிருந்த பெண்ணைப் பார்த்தாள். நீராவியில் ஊறி வெளுத்த கை கதவு நிலையைப் பிடித்தபடி நின்றது. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவளை ஏறிட்டுப் பார்த்தாள். கெஞ்சவில்லை, ஏன் எடுத்தாய் என்று கேட்கவும் இல்லை.

கேட்டிருக்கலாம் என்று இருந்தது பெரியவளுக்கு. நாலு வார்த்தை திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். தனி என்று சொல்ல ஒரு நொடி போதும். ஊரெல்லாம் சொல்லி வந்த வார்த்தைதான். பொய்கூட இல்லை. அந்த ஷூ, அந்தப் பை, அந்த வேன், எல்லாம் பலகைக்கு இந்தப் பக்கம் வந்துவிடும். நாக்கு நுனியில் அது இனித்தது.

பட்டாணிக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு நேரே சுண்டுவிடம் ஓடினாள். "ஏய், இன்னைக்கும் என்னை வெளியில நிக்க வச்சுட்டாங்கடி. பாவாடை கசங்கியிருக்காம். உள்ள பாட்டு சொல்லிக்கொடுத்தாங்க, எனக்கு எதுவும் கேக்கலை. நாளைக்குக் கேட்டுட்டுத்தான் உனக்குச் சொல்லுவேன்."

பாவாடை முன்பக்கம் முழுக்கப் பாயின் கோடு. மடிப்புகள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு தாறுமாறாகத் தொங்கின. ஒரு தேய்ப்பில் போகிற கசங்கல்.

"அம்மா, நேரமாகுது. தனியா, ஒண்ணா?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணுதாங்க," என்றாள் பெரியவள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. "அண்ணன் தம்பி குடும்பம். ஒரே குடும்பம்தான். மீட்டர்கூட ஒண்ணுதான், வேணா வெளிய போய்ப் பாத்துக்கோங்க."

அந்தப் பெண் அதைப் போனில் எழுதினாள். கன்னத்தில் விளக்கு வெளிச்சம் விழ மேசையில் உட்கார்ந்திருந்த சுண்டுவை அவள் படம் எடுக்கவில்லை. போகும்போது சுண்டுவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

சுண்டுதான் கேட்டாள்.

"நான் நல்லாத்தானேம்மா சொன்னேன்? தப்பே விடலையே?"

"விடலைடி."

சின்னவள் உள்ளே வந்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அக்கா, மேசை இங்கயே இருக்கட்டும். ரெண்டும் இங்கயே உக்காந்து படிக்கட்டும்."

"இருக்கட்டுமா? நீ எனக்குத் தானம் பண்றியா?" பெரியவளுக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "எண் போட்டிருக்காங்கடி அதுக்கு. தூக்கிட்டுப் போ. விளக்கையும் எடு. என் கண்ணு முன்னால எதுவும் இருக்கக் கூடாது."

சின்னவள் ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டுமே. பெரியவளே பிடித்தாள். விரிப்பைப் பிடிப்பது போலவே எதிரும் புதிருமாக நின்று, கதவில் இடிக்காமல் சாய்த்து, பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். ராத்திரி புருஷன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல காரியம்தான் பண்ணியிருக்கே," என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன, நல்லாச் சொல்லுவீங்க," என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். நல்ல காரியமாம். வயிற்றெரிச்சல் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. முன்னே சின்னவளைப் பார்த்து மட்டும் எரிந்தது, இப்போது தன்னைப் பார்த்தும் எரிந்தது.

கூடத்தில் மறுநாள் விரிப்பு மடிக்கும்போது சின்னவள் பூப்போல இழுத்தாள். "என்னடி இழுக்கறே, கையில தெம்பில்லையா? நல்லா இழு," என்று பெரியவள் கத்தினாள். ரேடியோ மூட்டைக்குப் பின்னாலிருந்து, "என்னாச்சு, கிடைச்சுதா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் பெரியவள் பலகையை ஓங்கித் தட்டினாள்.

"ஏய், அந்தப் பாவாடையைக் கொண்டா."

சின்னவள் சீருடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிற்கலாமா போகலாமா என்று தெரியாமல் போனாள். பெரியவள் தண்ணீர் தெளித்தாள். ஒவ்வொரு மடிப்பாக எடுத்து, விரலால் நீவி, ஓரம் பார்த்து, பெட்டியை அழுத்தினாள். நீலத்துணியிலிருந்து ஆவி எழுந்தது. பாயின் கோடு ஒவ்வொன்றாக மறைந்தது. சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். நல்ல துணி. கைக்கே தெரிந்தது. தேய்த்து முடித்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், திருப்தி வரவில்லை. மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஓர் உடம்பில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பட்டாணி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சுண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"இங்க வாடி. கையைத் தூக்கு."

சுண்டு கையைத் தூக்கினாள். பெரியவள் சட்டையை மாட்டினாள். பாவாடையை இடுப்பில் வைத்துக் கொக்கியைப் போட்டாள். இழுக்கவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. சுண்டு குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள். மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். மடிப்புகள் எல்லாம் ஒன்றாக விரிந்து, ஒன்றாக வந்து அடங்கின. யாரும் சொல்லாமலே வாசலுக்குப் போய், அங்கே ஜோடியாக இருந்த பட்டாணியின் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு வந்து, அம்மா முன்னால் நேராக நின்றாள்.

பெரியவள் மண்டியிட்டு, கழுத்துப் பொத்தானைப் போட்டாள். போட்ட கையை எடுக்கவில்லை.

தெருமுனையில் ஹாரன் அடித்தது.

ஈர முகத்தோடு பட்டாணி உள்பாவாடையில் வந்து வாசலில் நின்றாள். சுண்டுவைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

மறுபடி ஹாரன் அடித்தது, இந்தத் தடவை நீளமாக.

"கழட்டுடி," என்றாள் பெரியவள். "கசங்கிடப் போகுது."